குலுக்கல் சீட்டில் 3 இடம் சேரலாமா?

20 பேர், மாதம் ₹5,000, 20 மாதச் சீட்டு. முன்பு சேர்ந்த இரண்டு சீட்டிலும் முதல் 5 மாதத்துக்குள் பெயர் விழுந்ததால் இப்போது 3 இடம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

முதல் 5 மாதத்துக்குள் விழுவது நாலில் ஒரு வாய்ப்பு, அடுத்தடுத்து இரண்டு முறை என்றால் 16-ல் ஒன்று. அபூர்வம் இல்லை. டப்பாவில் கிடக்கும் துண்டுக் காகிதத்துக்குப் போன சீட்டு ஞாபகம் இருக்காது.

முன்னால் எடுத்தவர் கண்ணுக்கு ஆபத்து தெரிவதே இல்லை. 15-வது மாத வசூலோடு நடத்துபவர் ஊரைவிட்டுப் போனால், எடுத்த 14 பேரும் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். எடுக்காத 6 பேருக்கு ஆளுக்கு ₹75,000 போகும். அதில் உங்கள் மூன்று இடமும் இருந்தால் ₹2,25,000. மூன்று இடம் போட்டால் அதிர்ஷ்டம்தான் சமப்படும். நம்பியிருப்பது அதே ஒரு ஆளைத்தானே!

மொத்தம் ₹18,000-க்கு மேல் போகும் சீட்டை 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்தே நடத்த வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபாருங்கள். பதிவுள்ள சீட்டில் 7% வரை கமிஷன் போகலாம், ஆனால் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடு கட்டியிருப்பார், எடுப்பவரும் ஜாமீன் தர வேண்டும். அந்த 7% தண்டமே இல்லை.

பதிவு எண் தரத் தயங்கினால் ஒரு இடம்கூடப் போடாதீர்கள். பதிவுள்ள சீட்டு என்றாலும், காலேஜ் ஃபீஸுக்கு இதை நம்பியிருந்தால், 20-வது மாதத்தில்தான் பணம் வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.