பள்ளியிலிருந்து வீட்டுக்கு: வாசகர் கேள்வி–பதில்

நடுநிலைப் பள்ளியில் நடப்பதைக் குடும்பங்கள் எப்படி அறிந்துகொள்வது, பள்ளிகள் எப்படித் தெரிவிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் நடந்தது அனைத்தையும் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பான். ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்லம்மா” என்பதோடு சரி. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் “நல்லாத்தான் படிக்கிறான்” என்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.
— ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மகனிடம் குறை ஒன்றும் இல்லை. பதினொரு வயதில் பிள்ளைகள் தங்களுக்கென்று ஓர் உலகத்தை ஒதுக்கிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அதுவரை பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தபால்காரனாக இருந்த பிள்ளை அந்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். அந்த இடத்தைப் பள்ளி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டில்தான் பள்ளியின் அமைப்பும் மாறுகிறது. தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் பிள்ளையோடு இருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். தமிழாசிரியைக்கு அவனுடைய கையெழுத்து தெரியும், கணித ஆசிரியருக்கு அவன் பின்னங்களில் தடுமாறுவது தெரியும், ஆனால் பிள்ளையை முழுதாக அறிந்தவர் என்று எவரும் இல்லாமல் போகிறார்கள். “நல்லாத்தான் படிக்கிறான்” என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. அதில் பொய் இல்லை, விவரமும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தேர்ச்சி பெறவில்லை என்று நிறுத்திவைப்பதில்லை. 2019இல் மைய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, நிறுத்திவைப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்ட பிறகும் இங்கே அனைவருக்கும் தேர்ச்சி என்பதே தொடர்கிறது. அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் பொருளைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லும் கடமை பள்ளிக்கு இருக்கிறது. தேர்ச்சி என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியடைந்த குடும்பம், பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வராது என்பதை ஒன்பதாம் வகுப்பில்தான் அறிகிறது.

ஆகவே அடுத்த முறை போகும்போது “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்காதீர்கள். தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து, “இதை இவன் தானாகப் படித்துப் பொருள் சொல்வானா?” என்று கேளுங்கள். எந்தக் கணக்கில் நிற்கிறான், இந்த மாதம் எத்தனை நாள் வரவில்லை, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சில ஆசிரியர்கள் வியப்படையலாம். என் அனுபவத்தில், தனியாகச் சாப்பிடத் தொடங்கிய பிள்ளையின் மதிப்பெண் சரிவதற்கு அதிக நாள் ஆவதில்லை. இவற்றைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை முறை அழைத்தாலும் நான்கைந்து பேருக்கு மேல் வருவதில்லை. பலர் காலை ஏழு மணிக்கே நூறு நாள் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போய்விடுகிறார்கள். அக்கறை இல்லாத பெற்றோரை வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்ய முடியும்?
— ஒரு தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது, ஐயா. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவரை நீங்கள் எத்தனை மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள்? பிற்பகல் மூன்று மணிக்கு வருவதென்றால் அவர் அன்றைய கூலியை விட வேண்டும். அதைச் செய்யாதவரை அக்கறையில்லாதவர் என்று சொல்வது நியாயமாகாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைப்பு செய்யப்பட்ட குழு, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்டதாயிற்று. ஏட்டில் நல்ல அமைப்புதான். நடைமுறையில் பல இடங்களில் தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறோம். நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

பிறகு எனக்கு ஒரு நாள் உறைத்தது. வட்டார அளவிலான பேச்சுப் போட்டியில் ஒரு மாணவன் பரிசு பெற்றதைச் சொல்வதற்காக அவனுடைய தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர், “என்ன டீச்சர், என்ன பண்ணிட்டான்?” என்றார். பரிசைப் பற்றிச் சொன்ன பிறகும் அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். ஏழு ஆண்டுகளாக அந்தக் குடும்பத்துக்குப் பள்ளியிலிருந்து வந்த ஒவ்வோர் அழைப்பும் குற்றச்சாட்டாகவே இருந்திருக்கிறது. நாம் அழைத்தால் வராதவர்கள், நாம் எதற்காக அழைப்போம் என்பதை நன்றாக அறிந்திருப்பதால்தான் வருவதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பாசிரியரும் வாரத்துக்கு மூன்று வீடுகளுக்கு, புகார் எதுவும் இல்லாமல் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏறத்தாழ பதினான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அழைப்பு இரண்டு நிமிடம்தான், பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டு, “வீட்டில் எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் கடினம், ஆசிரியர்களுக்குப் பேசியே பழக்கம். அந்த இடைவெளியில்தான், தந்தை வேலையிழந்ததையும் அக்காவுக்குத் திருமணம் பேசுவதையும் நாங்கள் அறிந்தோம். கூட்டத்தை மாலை ஆறரை மணிக்குக் காலனித் தெருவில் இருந்த சமுதாயக் கூடத்துக்கு மாற்றினோம். எல்லோரும் வந்துவிடவில்லை, ஆனால் வந்தவர்கள் பேசினார்கள். கழிப்பறைக்கு ஐந்து மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்பதை ஒரு தாய் அங்கே சொல்ல, அதைக் குழுத் தீர்மானமாக்கிக் கிராம சபையில் வைத்தோம். பள்ளியிலிருந்து நாங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கு அசையாத வேலை அதற்குப் பிறகு நடந்தது.

கேள்வி: ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏதேனும் உண்டா? உதவித்தொகை பற்றியெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில்தான் சொல்கிறார்கள்.
— ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

பதில்: இத்தனை கடிதங்களில் என்னை அதிகம் வருந்தச் செய்தது உங்களுடையதுதான். ஏனெனில் பன்னிரண்டாம் வகுப்பில் பயன்தரும் பல திட்டங்களின் கணக்கு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது, அதை அந்த ஜூன் மாதத்தில் எவரும் பெற்றோரிடம் சொல்வதில்லை.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் பிறகு அது விரிவாக்கப்பட்டது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் அதே அடிப்படையில் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிலும் ஆறாம் வகுப்பிலிருந்தான படிப்பே பார்க்கப்படுகிறது. இடையில் ஏழாம் வகுப்பை மட்டும் ஊருக்கு வந்த புதிய தனியார் பள்ளியில் படிக்கவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு, அந்த ஓர் ஆண்டின் விலை என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பின் அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் அது அவர்கள் உரிமை.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை ஆசிரியர்கள் என்எம்எம்எஸ் என்று சொல்வார்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. ஆகவே இதை எட்டாம் வகுப்பில் சொல்வது பாதி காலதாமதம்.

சிறிய செய்தி ஒன்றும் உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளியில், ஏப்ரல் வரை அங்கே சாப்பிட்ட பிள்ளை ஜூனில் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தாய்க்கு முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் ஏதாவது கொடுத்து அனுப்பியிருப்பார். ஒரு வரி அறிவிப்புக்குச் சோம்பியதால் ஒரு பிள்ளை மதியம் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதத் தேர்வு மதிப்பெண்களைப் பெயரோடு பட்டியலாகப் போடுகிறார்கள். கட்டணமோ சீருடைப் பணமோ தராதவர்கள் பெயரும் வருகிறது. இதை எப்படி நிறுத்துவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: நேரில் போய், தனியாக, வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். குழுவிலேயே எழுதினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் முயல்வார். ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்தப் பிள்ளைக்கும் அவன் வீட்டுக்கும் உரியது. நாற்பது வீடுகளுக்குப் பொதுவானதன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது என்பதைப் பணிவாக நினைவூட்டலாம். மாறாவிட்டால் தலைமையாசிரியரிடமும், அதற்குப் பிறகு பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுமுறை, மழை, தேர்வு நாள், நாளைக்கு வரைபடப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்பவற்றுக்கு அது மிகவும் வசதி. எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் செய்தி குழுவுக்கு, ஒருவருக்கு மட்டும் பொருந்துவது தனிப்பேச்சுக்கு என்ற ஒரே வரம்பு போதும். காலை வணக்கப் படங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றுக்கு அடியில் புதைந்துபோன தேர்வு அட்டவணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளியில் மகளுக்கு ஏதோ நீல மாத்திரை கொடுத்ததாகச் சொன்னாள். மறுநாள் மலம் கறுப்பாகப் போயிற்று. பயந்துவிட்டோம்.
— ஒரு தாய், கள்ளக்குறிச்சி

பதில்: அது வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. தொடக்க வகுப்புகளில் தரப்படுவது இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், ஆறாம் வகுப்பிலிருந்து நீலம். சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டும். மலம் கறுப்பது இரும்புச்சத்தின் இயல்பான விளைவு. வயிற்றுவலியோ வாந்தியோ நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பற்றியும் இதே போலப் பயந்து கடிதங்கள் வருகின்றன. முந்தைய நாள் நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால் நீங்கள் அந்த இரவு தூங்கியிருப்பீர்கள். பள்ளியில் இதைச் சொல்லுங்கள், புகாராக அல்ல, அடுத்த முறைக்கான வேண்டுகோளாக.

கேள்வி: என் மகனும் மருமகளும் திருப்பூரில் வேலை செய்கிறார்கள். பேத்தி என்னிடம் இருந்து ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து வரும் செய்தியெல்லாம் மகனின் போனுக்குத்தான் போகிறது. எனக்குப் படிக்கவும் தெரியாது. (இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தருகிறாள்.)
— ஒரு பாட்டி, மணப்பாறை அருகே

பதில்: அம்மா, பேத்தியின் வகுப்பாசிரியையிடம் போய், “நான்தான் இவளைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பள்ளிப் பதிவில் உங்கள் வீட்டில் இருக்கும் சாதாரணக் கைபேசியின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதி அனுப்புவதற்குப் பதிலாக அழைத்துச் சொல்லும்படி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஜூன் மாதத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி பள்ளிக்கு வராத நாளில் முதல் மணி முடிவதற்குள் உங்களுக்கு அழைப்பு வர வேண்டும் என்பதை மட்டும் அழுத்திக் கேளுங்கள். திருப்பூரில் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் மகன் அந்தச் செய்தியை மதிய இடைவேளையில்தான் பார்ப்பார்; நீங்கள் பத்து நிமிடத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுவீர்கள்.