குட்டி பால் குடிக்கவில்லையா? முதலில் தொட்டுப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மழைக்கு மாடிப்படிக்குக் கீழே வந்து ஒதுங்கிய தெருப்பூனை, நிறைமாதச் சினை. வளர்க்க ஆள் கிடைக்கும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தன்னார்வலர்கள் சொல்ல, அவரும் சரி என்று உள்ளே விட்டிருக்கிறார். மூன்று நாளுக்கு முன்பு நான்கு குட்டி போட்டிருக்கிறது. மூன்று நன்றாகக் குடிக்கின்றன. நான்காவது பிறந்தபோது 72 கிராம், இப்போது 70, தாயிடம் விட்டால் காம்பைப் பிடிக்காமல் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. மாட்டுப்பால் கொடுக்கலாமா? காப்பாற்ற முடியுமா? 'குட்டிகளை மட்டும் கொடுங்கள், நான் வளர்த்துத் தருகிறேன், ஆறாயிரம் ஆகும்' என்று ஒருவர் போனில் சொல்கிறார், கொடுத்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். அதை ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், உங்கள் குட்டிக்கோ நேரமில்லை.

எடை பார்த்திருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். பெரும்பாலானவர்கள் 'டல்லா இருக்கு சார்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பிறந்த பூனைக்குட்டி சாதாரணமாக 90 முதல் 110 கிராம் இருக்கும், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறும். 72-ல் பிறந்து 70-க்கு இறங்கியது சவலைக் குட்டி, ஆபத்தில் இருக்கிறது, ஆனால் காப்பாற்ற முடியாத இடத்துக்கு இன்னும் போகவில்லை.

இப்போது பாலை மறந்துவிட்டு, சுண்டுவிரலைக் கழுவி, குட்டியின் வாய்க்குள் மெதுவாக வையுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா? விரலைச் சப்புகிறதா, சும்மா இருக்கிறதா? ஜில்லென்று இருந்து சப்பவும் இல்லையென்றால் அந்தக் குட்டிக்குப் பசி முதல் பிரச்சினை இல்லை, குளிர்தான்.

இதைச் சொன்னால் திருநெல்வேலிப் பக்கம் யாரும் நம்புவதில்லை. 'ஊரே வெந்துபோய்க் கிடக்கு, குட்டிக்கு எங்கிருந்து குளிர்?' என்பார்கள். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் உடம்புச் சூடே 95 முதல் 97 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில்தான் இருக்கும், பெரிய பூனைக்கு 100-க்கு மேல். நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தாயின் வயிற்றையும் கூடப்பிறந்தவற்றின் உடம்பையும் நம்பித்தான் பிழைக்கிறது. அது படுத்திருக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மழைக்கால ராத்திரியில், ஃபேன் ஓடும் அறையில், மொசைக் தரையில் ஒரு பழைய துணி மேல் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கூட்டத்திலிருந்து ஒரு முறை உருண்டு போய்விட்டால் குளிரும், குளிர்ந்தால் சப்பத் தெம்பு இருக்காது, சப்பாததால் இன்னும் குளிரும். தாயும் குளிர்ந்த குட்டியை ஒதுக்கிவிடும். 'தாயே தள்ளிவிட்டது, இது பிழைக்காது' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பல சமயம் தாய் தள்ளியது நோயை அல்ல, குளிர்ந்துபோன உடம்பை.

குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலையை நிறுத்திவிடும். உள்ளே போன பால் அப்படியே தங்கி வயிறு உப்பும், இல்லையென்றால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஆசைஆசையாக ஊட்டிவிட்டு மறுநாள் காலை செத்த குட்டியைக் கையில் எடுத்து வருபவர்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் முனை மட்டும் நுழையும்படி வைத்துப் பாருங்கள். 95-க்குக் கீழே என்றால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது.

சூடு ஏற்றுவது மெதுவாக நடக்க வேண்டும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம். ஹேர் டிரையர், வெந்நீர்க் குளியல், அடுப்பு மேடை எல்லாம் வேண்டாம். முதலில் உங்கள் உடம்போடு ஒட்டி, சட்டைக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டில் யாராவது ஒரு சாக்ஸில் அரிசியைப் போட்டுக் கட்டி சூடாக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றட்டும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு நிமிஷம் வைத்தால் சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் அதை வையுங்கள், சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்து போக இடம் வேண்டும். பல்பு வைக்கச் சொல்லி இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள், அது குண்டு பல்பு காலத்து யோசனை. இப்போது எல்லார் வீட்டிலும் எல்இடி, வெளிச்சம்தான் வரும், குட்டியைக் காய்ச்சும் அளவுக்குச் சூடு வராது.

சூடேறும்போது குளுக்கோஸ் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஒரே ஒரு சொட்டை ஈறில் தடவுங்கள். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். சூடு 95-ஐத் தாண்டி, விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் பால்.

மாட்டுப்பால் வேண்டாம். பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் ஏறக்குறைய பாதிதான், அதில் நம் வீட்டுப் பழக்கப்படி பாதிக்குப் பாதி தண்ணீரும் கலந்துவிடுவோம். வயிறு நிறையும், உடம்பு நிறையாது, கூடவே பேதியும் ஆரம்பிக்கும், இந்த எடையில் பேதி என்றால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பவுடரும் வேண்டாம். பூனைக்குட்டிக்கென்றே கிட்டன் மில்க் ரீப்ளேசர் என்று விற்கிறார்கள், பெரிய செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். டின் சீலோடு இருக்க வேண்டும், காலாவதித் தேதி தெரிய வேண்டும். ஜிப் கவரில் அள்ளிப் போட்டு, 'ஃபாரின் பவுடர், லூஸில் வாங்கினால் மலிவு' என்று நீட்டுகிறார்களே, அதைத் தொடாதீர்கள். அது நாய்க்குட்டிப் பவுடரா, டீக்கடைப் பால் பவுடரா என்று நீட்டுகிறவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சொல்லவே தயக்கமாக இருக்கிறது, சொன்னால் அதை மட்டும் பிடித்துக்கொள்வீர்கள். ராத்திரி பதினோரு மணி, கடை இல்லை, டின் நாளைக்குத்தான் வரும் என்ற நிலையில் காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால், தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்காமல், அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடுக்கலாம். ஒரு ராத்திரி என்றால் ஒரு ராத்திரிதான். 'டாக்டர் ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார்' என்று மூன்று வாரம் அதையே கொடுத்து, எலும்பும் தோலுமாகக் கொண்டுவருகிறார்கள். நான் சொன்னது ஒரு ராத்திரி. டின் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், மிச்சம் இருக்கிறதே என்று கலந்து கொடுக்கவும் கூடாது. தாயிடம் பால் இருக்கும்போது அந்த ஒரு ராத்திரியும் தேவையில்லை, உங்கள் வீட்டில் தாய் இருக்கிறது.

அதனால் முதலில் தாயிடமே முயலுங்கள். குடித்துக் கொழுத்த மூன்றையும் வெந்நீர் பாட்டிலோடு வேறு பெட்டியில் கால்மணி நேரம் வைத்துவிட்டு, சவலையை மட்டும் தாயின் பின்பக்கக் காம்பில் பிடித்து வையுங்கள், அங்கேதான் பால் அதிகம் இறங்கும். பிடித்துச் சப்பினால் தினமும் நாலைந்து முறை இப்படியே செய்யுங்கள். சப்பவில்லை, இல்லை சப்பியும் எடை ஏறவில்லை என்றால் மட்டும் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் ரீப்ளேசர். 70 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் 2 மில்லி போதும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்துத்தான். குட்டி வயிறு கீழே படும்படி, தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற இருக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்து பாலாடையிலோ சங்கிலோ இங்க் ஃபில்லரிலோ ஊற்றினால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். மூக்கு வழியாகப் பால் வந்தால் நிறுத்திவிட்டு வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள், அங்கே பிளவு இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது. குடித்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிட வேண்டும், தானாகச் சிறுநீர் கழிக்க அதற்கு மூன்று வாரமாவது ஆகும். தாய் நக்கிவிடுகிறது என்றால் அந்த வேலை உங்களுக்கு இல்லை.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், சமையலறை டிஜிட்டல் தராசில், ஒரு டப்பாவுக்குள் வைத்துப் பார்த்து எழுதுங்கள். நாலு குட்டிக்கும் எழுத வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனம், இறங்கினால் அன்றைக்கே மருத்துவர்.

சரி, அந்த ஆறாயிரம் ரூபாய்க்காரர். தாய் இருக்கும்போது குட்டிகளை மட்டும் கேட்கிறார் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிட வேண்டும். பூனைக்குட்டி வளர்க்கத் தெரிந்த ஒருவரும் மூன்று நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்லமாட்டார். பிரித்தால் குட்டிகள் சூட்டையும் பாலையும் இழக்கும், இங்கே தாய்க்குப் பால் கட்டி மடி வீங்கிக் காய்ச்சல் வரும். இப்படிப் போன குட்டிகள் என்ன ஆகின்றன? அழகாக இருப்பவை 'பெர்சியன் கிராஸ்' என்ற பெயரில் விலைக்குப் போகும், மற்றவை ஏதாவது சந்தை வாசலில் கிடக்கும், உங்களுக்கு வேறு ஏதோ குட்டிகளின் வீடியோ வரும். இன்னொரு வகை, பணமே கேட்காது, உங்கள் சவலையின் போட்டோவை மட்டும் வாங்கிக்கொண்டு, கீழே தன் க்யூஆர் கோடைப் போட்டு 'அவசர சிகிச்சை' என்று வசூல் செய்யும். போட்டோ அனுப்புவதற்கு முன் எந்த மருத்துவமனை, யார் பெயரில் பில் என்று கேளுங்கள், பாதிப்பேர் அப்போதே காணாமல் போவார்கள். வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். சினையாக இருக்கும்போது, உயிருள்ள கிருமியை வலுவிழக்க வைத்துத் தயாரிக்கும் வழக்கமான தடுப்பூசியைப் போட்டால் வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளை கெட்டுப்போகலாம், பிறந்த பிறகு தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்கும். உங்கள் பூனைக்கு யாரும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, குட்டிகள் பால் மறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இவர்கள் எல்லாம் எப்படிப் பிழைக்கிறார்கள் என்றால், நேர்வழியில் போகிறவருக்குக் கதவு திறப்பதில்லை. கால்நடை மருத்துவமனை என்ற பெயரிலேயே மாடு முதலில், ஆடு அடுத்து, பூனை எங்கேயோ கடைசியில். மாலைக்கு மேல் பெரும்பாலான இடங்கள் பூட்டிக் கிடக்கும், குட்டிகள் என்னவோ ராத்திரி இரண்டு மணிக்குத்தான் துவண்டு விழும். தெருப்பூனை என்று சொன்னால் 'ஓனர் யார்' என்று படிவத்தில் ஒரு கட்டம், அதை நிரப்பாமல் சீட்டு கிடையாது. உங்கள் பெயரையே எழுதுங்கள், வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களுக்கு ஒரு வசதி, ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு. போகும்போது சவலையை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், தாயும் நாலு குட்டியும் ஒரே பெட்டியில், சூட்டோடு. காத்திருக்கும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பூனைகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் அங்கே தரையில் இருக்கலாம், அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இந்தத் தாயையும் குட்டிகளையும் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், பூனைக்கு அது விஷம், பாதத்தில் ஒட்டியதை நக்கும். அந்துருண்டையும் அப்படித்தான். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்து வாங்கித் தடவுவதும் கூடாது, சீப்பால் வாரி எடுங்கள்.

தாய்க்குத் தயிர்சாதமும் ஒரு மீன் தலையும் போதாது. பால் கொடுக்கும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும், பூனைக்குட்டி உணவையே அதற்கும் வைக்கலாம், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். காம்புகளைத் தினமும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கல்லாகி, சூடாகி, நீலம் பாய்ந்திருந்தால் உடனே காட்ட வேண்டும். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டாதீர்கள், பயந்தால் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு பரண் மேல் ஏறிவிடும், சவலையை வேறெங்காவது விட்டுவிடும். உங்களையே கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம்.

குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதுவரை தாயை வெளியே விடவும் வேண்டாம், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினையாகிவிடும். கருத்தடை அறுவைசிகிச்சைக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள், எங்கே போனாலும் வரிசை நீளமாகத்தான் இருக்கும். அதற்குள் யாராவது 'ஒரே ஊசி, குட்டியே போடாது, முந்நூறு ரூபாய்' என்று வருவார்கள். அந்த ஹார்மோன் ஊசி போட்ட பூனைகள் பின்னால் கர்ப்பப்பையில் சீழோடும் மடியில் கட்டியோடும் வருகின்றன, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.