வீட்டுத் தோட்டத்தில் மத்தியதரைக்கடல் ஆமைகள்: கேள்வி பதில்

ஹெர்மன் ஆமை, தொடைமுள் ஆமை, மார்ஜினேட்டா ஆமை ஆகிய மூன்றைப் பற்றியும் வந்த கேள்விகள் இவை. பதில்களுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோய் என்று எழுதியவர்களில் பலருடைய ஆமைக்கு வெயில் போதவில்லை, சாப்பாடு கூடிப்போயிருக்கிறது, குளிர்காலத் தூக்கம் கிடைக்கவில்லை. முதலில் இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கே (லண்டன்): அண்ணா, மகளுக்காக ஒரு ஆமை வாங்கினோம். ஹெர்மன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதை எப்படி உறுதிசெய்வது?

ப: வால் பக்கம் பாருங்கள். ஹெர்மனுக்கு வால் நுனியில் நகம்போல் கெட்டியான ஒரு கொம்பு இருக்கும். வாலுக்கு மேலே உள்ள கடைசிச் செதில் பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். வாலின் இருபுறமும் தொடையில் முள் துருத்திக்கொண்டிருந்தால் அது தொடைமுள் ஆமை. முன்காலில் நான்கே நகம் என்றால் மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை. ஆணா பெண்ணா என்பதை 10 செ.மீ.க்குக் கீழே நம்பிச் சொல்ல முடியாது. வளர்ந்த ஆணுக்கு வால் நீளமாகவும் தடிப்பாகவும், வயிற்றுப் பக்க ஓடு உட்குழிந்தும் இருக்கும்.

விற்றவர் ஆர்டிகிள் 10 சான்றிதழ், அதாவது பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விற்பதற்கான அரசு அனுமதி, கொடுத்தாரா? இந்த மூன்று இனங்களையும் அது இல்லாமல் பிரிட்டனில் விற்க முடியாது. சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண் உங்கள் ஆமையில் இருக்கும் சிப்போடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

கே (ஸ்டுட்கார்ட்): தக்காளி, வெள்ளரி, வாழைப்பழம் எல்லாம் ஆசையாகத் தின்கிறது. களையைக் கொடுத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. என்ன செய்வது அக்கா?

ப: இனிப்பு பழகிய ஆமை அப்படித்தான் அடம்பிடிக்கும். பழத்தின் சர்க்கரை அதன் குடலில் புளிக்கும், அதில் ஒட்டுண்ணிகள் பெருகும், பிறகு கழிச்சல். பழத்தை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல உடம்புள்ள வளர்ந்த ஆமை சில நாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தாலும் ஒன்றும் ஆகாது. பழைய சாப்பாட்டை ஒரு பங்கும் களையை மூன்று பங்கும் பொடியாக நறுக்கிக் கலந்து, நாளுக்கு நாள் பழையதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இதற்கு வேண்டியது நார் நிறைய, புரதம் குறைவு, பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்காவது கால்சியம். டான்டிலயன், பிளான்டாகோ, மால்வா, முட்செடி வகை சோன்கஸ், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் நல்லவை. குளோவர் கொஞ்சம் போதும். பூச்சிமருந்து அடித்த சாலையோரப் புல் வேண்டாம். குளிர்காலத்தில் கடைக்குத்தான் போகவேண்டும் என்றால் எண்டிவ், சிக்கரி, ரடிச்சியோ வாங்கி, காய்ந்த புல்லை நறுக்கித் தூவிக் கொடுங்கள். பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாய், பூனை உணவு ஒரு துண்டுகூட வேண்டாம்.

கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். முட்டையிடும் பெண் அதை எப்படிக் கொறிக்கிறாள் என்று பார்த்தாலே அதன் தேவை புரியும்.

கே (பாரிஸ்): வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் நல்ல வெயில் விழுகிறது. அது போதாதா?

ப: போதாது. ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமின் டி3 உருவாவது வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிரால். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், உள்ளே வருவது சூடு மட்டும்தான். மழைநாளுக்கும் குளிர்ந்த வசந்தத்துக்கும் வீட்டு மேசையில் யூவிபி குழல்விளக்கு ஒன்றும் சூட்டு விளக்கு ஒன்றும் வையுங்கள். குழல்விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி வலு குறைந்துகொண்டே போகும், 12 மாதத்தில் மாற்றுங்கள். விளக்கின் கீழ் 35 டிகிரி, மறுமுனையில் 20 முதல் 22. இரவில் விளக்கு வேண்டாம், 15 டிகிரி அதற்குச் சுகமே.

மே முதல் செப்டம்பர் வரை ஆமை வெளியில் இருக்கவேண்டும். இரண்டு பெண் ஆமைகளுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், 40 செ.மீ. உயரத்தில் மறுபக்கம் தெரியாத தடுப்பு. வெளி தெரிந்தால் நாள் முழுக்க அதில் மோதிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள்ளும் ஒரு சாண் இறக்குங்கள். அரளி, யூ மரம், ரோடோடென்ட்ரான் வளாகத்துக்குள் இருக்கக்கூடாது.

கே (ஓஸ்லோ): மூன்று வயது ஆமை. ஓடு மேடுமேடாகப் பிரமிடு போல் எழும்பியிருக்கிறது. மருந்து இருக்கா?

ப: எழும்பியது இனி இறங்காது. புதிதாக வளரும் பகுதியைச் சமமாக வளரவைக்கலாம். முதல் இரண்டு வருடம் வறண்ட மரத்தூளில், வறண்ட காற்றில், விளக்கின் கீழேயே வளர்த்தால் இப்படி ஆகும். புரதமும் வேகமான வளர்ச்சியும் சேர்ந்தால் மோசமாகும். மரத்தூளைக் கொட்டிவிட்டு, தொட்டால் ஈரம் தெரியும் தோட்டமண்ணை 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள், புதைந்து தூங்கட்டும். ஓடு பிரமிடானது அழகுக் குறைதான். ஆனால் விரலால் அழுத்தினால் ஓடு நெகிழ்கிறதென்றால் அது வேறு விஷயம். அது கால்சியக் குறை, உடனே மருத்துவரிடம் போங்கள்.

கே (டொர்ட்முண்ட்): குளிர்காலத் தூக்கத்துக்கு ஆமையை ஃபிரிட்ஜில் வைப்பது என்றால் பயமாக இருக்கிறது. தூக்கமே இல்லாமல் விட்டால் என்ன?

ப: நோயாளி ஆமைக்கு மட்டும்தான் அந்த விலக்கு. மற்றவை வருடம் முழுக்க விழித்திருந்தால் வேகமாக வளர்ந்து சீக்கிரம் கெடும்.

செப்டம்பரில் எச்சப் பரிசோதனை செய்து எடை எழுதிவையுங்கள். பிறகு இரண்டு, மூன்று வாரம் சாப்பாட்டை நிறுத்தி, சூட்டை மட்டும் குறைக்காமல் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் உட்காரவையுங்கள், தாடை அளவுக்கு மட்டும். குடல் காலியாகவேண்டும், இல்லாவிட்டால் குளிரில் செரிக்காத உணவு உள்ளேயே அழுகும். அதன்பின் பத்து நாளில் சூட்டைப் படிப்படியாக இறக்குங்கள்.

ஃபிரிட்ஜை இரண்டு வாரம் முன்னதாகவே வெறுமனே ஓட்டி, 5 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினால் வெப்பம் ஆடாது. உள்ளே உணர்கம்பி போகும் வெப்பமானி ஒன்று கட்டாயம். காற்றோட்டத் துளையுள்ள பெட்டியில் சற்று ஈர மண்ணும் மேலே பீச் (beech) மர இலையும். வாரம் இரண்டு தடவை கதவைத் திறந்து காற்று மாற்றுங்கள். 0 டிகிரிக்குக் கீழே போனால் கண்ணும் மூளையும் பாதிக்கப்படும். 10க்கு மேலே போனால் விழித்துக்கொண்டு உடம்பைக் கரைக்கும்.

இரண்டு வாரத்துக்கொரு முறை எடை பாருங்கள். மாதத்துக்கு 1 சதவீதம் குறைவது சரி. 800 கிராம் ஆமை 80 கிராம் இழந்துவிட்டால் எழுப்பிவிடுங்கள். பெட்டிக்குள் சிறுநீர் கழித்திருந்தால் எடையைப் பார்க்காமல் எழுப்புங்கள், உடம்பில் சேமித்த தண்ணீர் போய்விட்டது. எழுப்பியதை மறுபடி தூங்கப்போடக் கூடாது. முதல் குளிர்காலக் குஞ்சுக்கு 6 முதல் 8 வாரம் போதும், பெரியதுக்கு மூன்று, நான்கு மாதம்.

எழுந்தவுடன் வெதுவெதுத் தண்ணீரும் நல்ல வெளிச்சமும். ஒரு வாரத்துக்குள் சாப்பிடவில்லையென்றால் காத்திருக்கவேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கே (சூரிச்): எச்சத்தில் வெள்ளைப் புழு தெரிந்தது. நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் வீட்டில் இருக்கிறது. கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. கால் தளர்ந்து, மூச்சுத் தசை நின்று சாகும். அந்த மருந்து கையில் பட்டிருந்தால் கழுவிவிட்டுத்தான் ஆமையைத் தொடவேண்டும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எச்சத்தைப் பார்த்து எடைக்குத் தக்க ஃபென்பெண்டசோல் கொடுப்பார்.

கே (ரோட்டர்டாம்): தொடைமுள் ஆமையையும் ஹெர்மனையும் ஒரே வளாகத்தில் விட்டேன். ஹெர்மனுக்கு மூக்கு ஒழுகுகிறது, குமிழி வருகிறது.

ப: இன்றே பிரியுங்கள் தம்பி. தொடைமுள் ஆமை ஹெர்பஸ் வைரஸைச் சத்தமில்லாமல் சுமக்கும். அதே வைரஸ் ஹெர்மனைக் கொல்லும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம், எதுவென்று பரிசோதனைதான் சொல்லும். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியைத் துப்ப முடியாது. அதனால் மூக்கு ஒழுகுவது சின்ன விஷயம் இல்லை. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விட்டால் அன்றே மருத்துவர். இனி எந்தப் புது ஆமை வந்தாலும் ஆறு மாதம் தனிமை, தனிப் பாத்திரம், கடைசியாகத்தான் அதைத் தொடவேண்டும்.

கே (சென்னை): இங்கே ஹெர்மன் வளர்க்க முடியுமா? நட்சத்திர ஆமையாவது?

ப: சென்னையில் ஹெர்மனுக்கு வேண்டிய குளிர்காலம் இல்லை, குளிர்ந்த இரவும் இல்லை, அங்கே அது நோயாளியாகத்தான் இருக்கும். நட்சத்திர ஆமை நம் மண்ணின் காட்டு உயிர், வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரண்டும் வேண்டாம்.

கே (லியோன்): ஒரு ஆண், ஒரு பெண். ஆண் நாள் முழுக்கக் காலைக் கடித்துக்கொண்டே துரத்துகிறது.

ப: ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும், இல்லாவிட்டால் தனியாக வையுங்கள். பெண்ணின் வாலடியில் புண் இருக்கிறதா பாருங்கள். கோடையில் அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெண் விந்தைச் சேமித்து நான்கு வருடம்வரை கருவுள்ள முட்டை இடுவாள், ஆகவே பிரித்தால் குஞ்சு கிடைக்காது என்ற கவலை வேண்டாம்.

கே (பர்மிங்காம்): பெண் ஆமை மூன்று நாளாகச் சாப்பிடாமல் வேலியோரம் அலைகிறது. பின்காலால் சுரண்டுகிறது, விட்டுவிடுகிறது.

ப: முட்டை. அவளுக்கு இடம் பிடிக்கவில்லை. தெற்குப் பார்த்த சரிவில் மணல் கலந்த தோட்டமண்ணை 25 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டி லேசாக நனைத்துவையுங்கள். மண் பிடித்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் தோண்டுவாள். பின்கால்கள் மாறிமாறி மண்ணை வாரும், மண் இறுகியிருந்தால் சிறுநீர் விட்டு இளக்குவாள். ஒவ்வொரு முட்டை விழுந்ததும் காலால் மெதுவாக ஒதுக்குவாள். கடைசியில் குழியை மூடி அடியோட்டால் தட்டிச் சமப்படுத்துவாள். அந்த நேரம் கிட்டே போகாதீர்கள்.

சோர்ந்து கண் மூடிக் கிடந்தால் அல்லது இரண்டு வாரமாக இதே அலைச்சல் என்றால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். முட்டை உள்ளே சிக்கியிருந்தால் மருத்துவர் கால்சியமும், முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனும் போடுவார்.

கே (அதே வாசகர்): முட்டையை எடுத்து எப்படிப் பொரிக்கவைப்பது? எல்லாம் ஆணாக வராமல் பார்க்கலாமா?

ப: எடுப்பதற்கு முன் மேல்பக்கத்தில் மென்மையான பென்சிலால் குறி வையுங்கள். கரு ஒட்டிக்கொண்டபின் முட்டையைத் திருப்பினால் அது செத்துவிடும். இன்குபேட்டரில் காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம், மூடியில் கூடும் நீர்த்துளி முட்டைமேல் சொட்டாதபடி சரிவு வையுங்கள். ஹெர்மனுக்கு 31.5 டிகிரியில் ஆணும் பெண்ணும் கலந்து வரும், அதற்குக் கீழே ஆண் மிகும், 33ஐ நெருங்கினால் பெண். 35ஐத் தாண்டினால் செதில் கூடிக் குறைந்த குஞ்சுகள் வரும், கரு சாகும். எல்லாம் பெண் வேண்டும் என்று 34இல் ஓட்டுவது ஆபத்தான ஆசை, 32.5 போதும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரியும்.

முட்டைப்பல்லால் குத்தித் துளை போட்டபின் குஞ்சு ஒருநாள், இரண்டு நாள் அப்படியே கிடக்கும். உடைத்து உதவாதீர்கள், வயிற்றடியில் மஞ்சள்கருப் பை இன்னும் உள்ளே இழுபட்டுக்கொண்டிருக்கும். பையோடு வெளியே வந்துவிட்டால் ஈரமான சமையலறைத் தாளில் வைத்து இருட்டில் விடுங்கள். பை உள்ளே போனபிறகு ஈரமண்ணுள்ள பெட்டி, தினமும் குளியல், பொடியாக நறுக்கிய டான்டிலயன். பிறக்கும்போது 10 முதல் 15 கிராம் இருக்கும், மாதத்துக்கு 1 முதல் 3 கிராம் ஏறினால் சரி. அதற்கு மேல் ஏறினால் சாப்பாட்டைக் குறையுங்கள்.