சைக்கிள் சரி, பாதை கூடாதா?

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை, மூன்று சக்கர சைக்கிள் கொடுப்பது சரி. மெரினா மணலில் சக்கர நாற்காலி போகப் பாதை, படி இல்லாமல் ஏறத் தாழ்தளப் பேருந்து என்று சில பேருக்காக மக்கள் வரிப்பணத்தை இவ்வளவு செலவழிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சைக்கிள் கொடுக்கலாம், அது போகிற பாதைதான் உறுத்துகிறதா? உங்களை மட்டும் சொல்லவில்லை. நம்மில் பலரும் இப்படித்தான் யோசிக்கிறோம். 'ஐயோ பாவம்' என்று பார்த்தே பழகிவிட்டோம். பிறந்தநாள் என்றால் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுகிறோம். அதே ஆள் தன் காசில் சாப்பிட நம் தெரு ஹோட்டலுக்கு வந்தால், வாசலில் நாலு படி. அது நம் கண்ணில் படுவதே இல்லை. அவர் உள்ளே வர முடியாததற்குக் காரணம் அவர் கால் என்று நினைக்கிறோம். காரணம் படிதான். அதைக் கட்டியது நாம்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்றார் கலைஞர். நல்ல காரியம். சொல் சீக்கிரமே வாயில் ஏறிவிட்டது, பார்வைதான் அப்படியே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தடையின்றிப் போய்வருவதை உரிமை என்றே சொல்கிறது. அதன் விதிகள் வந்தது 2017-ல். அதிலிருந்து 5 ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களில் எல்லோரும் தடையின்றி நுழைய வழி செய்திருக்க வேண்டும். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. தடையில்லா அணுகலுக்கான தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயம் ஆக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டுப் போடுகிற நாம் கேட்காததை எந்த அரசும் அவசரமாகச் செய்யாது.

அப்புறம், 'சில பேர்' என்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடிப் பேர். அப்போது சட்டம் ஏற்றிருந்த குறைபாடுகள் 7 வகை, இப்போது 21. இன்று எண்ணினால் இன்னும் கூடும்தானே? வரிப்பணம் என்கிறீர்கள். கடையில் சோப்பு வாங்கினால் மாற்றுத்திறனாளியும்தான் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அவர் கட்டிய வரியில் வாங்கிய பேருந்தில் அவரே ஏற முடியாவிட்டால் எப்படி?

மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த அந்தப் பாதை 263 மீட்டர். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பச் சரிசெய்தார்கள். அடுத்த புயலில் பெயர்ந்தாலும் சரிசெய்யத்தான் வேண்டும். உங்கள் வீட்டுத் தெரு மழையில் அரித்துப் போனால், இனிமேல் தெருவே வேண்டாம் என்பீர்களா?