நான்கு ரகத்தில் இரண்டுக்கு மட்டும் ஹிஸ்டோகிராம்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக நான்கு நெல் ரகங்களின் கதிர் நீளத்தை அளந்து எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். ‘ரகம்’ என்ற பத்தியில் ஆடுதுறை 36-க்கு 1, ஆடுதுறை 43-க்கு 2, கோ 51-க்கு 3, டி.கே.எம். 13-க்கு 4 என்று குறியீடு. இதில் 2, 4 இரண்டுக்கு மட்டும் ஹிஸ்டோகிராம் (எந்த நீளத்தில் எத்தனை செடி என்று செவ்வகங்களாகக் காட்டும் படம்) வேண்டும். வேண்டிய வரிசைகளைப் பொறுக்கும் செலக்ட் கேசஸில் நிபந்தனை கொடுத்தால் எல்லா வரிசையும் அடிபட்டுப் போகிறது. ஒவ்வொன்றாகப் போட்டால் படம் வருகிறது. ஆனால் இரண்டு படமும் அச்சாக ஒரே மாதிரி இருக்கின்றன. வயலில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லையே என்கிறார் என் வழிகாட்டி. அடுத்து, ரகங்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா சோதனை போட வேண்டும். எங்கே தவறு?

பதில்: தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது ஒரு நிமிட வேலை. இரண்டாவதுதான் விஷயம், அதில் உங்கள் வழிகாட்டி சொல்வதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நிபந்தனைப் பெட்டியில் நீங்கள் ‘ரகம் = 2 & ரகம் = 4’ என்று எழுதியிருப்பீர்கள். தமிழில் யோசிப்பவர்கள் அனேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற பிழை இது. ‘இரண்டும் நான்கும் வேண்டும்’ என்று மனதில் சொல்லிக்கொள்கிறோம்; அந்த ‘உம்’ கைக்கு வரும்போது & ஆகிவிடுகிறது. மென்பொருளோ ஒவ்வொரு வரிசையாக எடுத்து, ‘இந்தச் செடியின் ரகம் 2 ஆகவும் இருக்க வேண்டும், 4 ஆகவும் இருக்க வேண்டும்’ என்று பார்க்கிறது. அப்படி ஒரு செடி எந்த வயலிலும் இல்லை. அதனால் எல்லாம் அடிபடுகிறது. இங்கே வேண்டியது ‘அல்லது’. ‘ரகம் = 2 | ரகம் = 4’ என்று எழுதுங்கள். நடுவில் இருப்பது நிமிர்ந்த கோடு. ‘ரகம் =’ என்பதை இரண்டு முறையும் முழுசாக எழுத வேண்டும். ஐந்தாறு குழுக்களைப் பொறுக்க வேண்டியிருந்தால் ‘எனி’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குள் பத்தியின் பெயரையும் வேண்டிய குறியீடுகளையும் காற்புள்ளி போட்டு அடுக்கினால் போதும்.

அதே சாளரத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று தெரிவுகள் இருக்கும். முதலில் இருக்கிற ‘ஃபில்டர் அவுட்’ மட்டும் உங்களுக்குப் போதும். அது வேண்டாத வரிசைகளை ஒதுக்கி வைக்கும், அழிக்காது. வரிசை எண் மேல் சாய்வாக ஒரு கோடு விழும், கடைசியில் ஃபில்டர் என்ற பெயரில் 0, 1 கொண்ட புதுப் பத்தி ஒன்று முளைக்கும், அவ்வளவுதான். ‘டிலீட் அன்செலக்டட்’ பக்கமே போகாதீர்கள். ஒரு முறை அதைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் கோப்பைச் சேமித்தும்விட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து களக் குறிப்பேட்டிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

சரி, இப்போது அந்த ஒரே மாதிரி படங்களுக்கு வருவோம்.

புள்ளியியல் வகுப்பில் எல்லோரும் கையாளும் ஐரிஸ் மலர்த் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் அளந்தது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் தம் கட்டுரையில் பயன்படுத்தியது. செடோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா என்று மூன்று இனம், இனத்துக்கு 50 பூ, ஆக 150. செடோசாவின் இதழ் நீளம் 1.0 முதல் 1.9 செ.மீ. வரை. வெர்ஜினிகாவுக்கு 4.5 முதல் 6.9 வரை. ஒன்றின் பரவல் 0.9 செ.மீ., மற்றதன் பரவல் 2.4 செ.மீ.; இரண்டரை மடங்குக்கும் மேல்.

இப்போது செடோசாவை மட்டும் வடிகட்டி ஒரு படம், வெர்ஜினிகாவை மட்டும் வடிகட்டி ஒரு படம் போடுங்கள். மென்பொருள் இரண்டையும் கட்டத்துக்குள் நிரப்பித்தான் வரையும். கிடை அச்சு எங்கே தொடங்கி எங்கே முடியும், ஒவ்வொரு செவ்வகத்தின் அகலம் எவ்வளவு என்பதையெல்லாம் அப்போது கையில் இருக்கிற 50 எண்களைப் பார்த்தே அது முடிவு செய்கிறது. விளைவு, இரண்டும் ஒரே அகலமுள்ள குன்றுகள் போல நிற்கும். அச்சில் இருக்கும் எண்களைப் படித்தால்தான் ஒன்று ஒடுக்கமானது, மற்றது அகலமானது என்று தெரியும். யார் படிக்கிறார்கள்? கண் உருவத்தைத்தான் பார்க்கிறது. உங்கள் ஆடுதுறை 43-க்கும் டி.கே.எம். 13-க்கும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தரவைக் குழுவாகப் பிரிக்கும் ஸ்பிளிட் ஃபைல் போட்டுக் குழுவாரியாக வரைந்தாலும், எக்ஸ்ப்ளோர் என்ற கட்டளையின் ஃபேக்டர் பெட்டியில் ரகத்தைக் கொடுத்தாலும் இதே கதைதான். குழுவுக்கு ஒரு தனிப் படம் வரும்.

அதற்காகக் குழு பிரிக்காமல் எல்லாவற்றையும் கொட்டி ஒரே படம் போடுவதும் உதவாது. ஐரிஸில் 150 பூவுக்கும் சேர்த்து இதழ் நீளத்தின் சராசரி 3.76 செ.மீ. ஆனால் 3.7-ல் இருப்பது ஒரே ஒரு பூ, 3.8-ல் இன்னொன்று. சராசரி விழுகிற இடத்தில் கிட்டத்தட்ட ஆளே இல்லை.

உங்களுக்கு வேண்டியது ஒரே அச்சில் அமைந்த இரண்டு அடுக்கு. ஃபில்டரை 2 அல்லது 4 என்று வைத்துக்கொண்டு மெனுவில் கிராஃப்ஸ், லெகசி டயலாக்ஸ், ஹிஸ்டோகிராம் என்று போங்கள். வேரியபிள் பெட்டியில் கதிர் நீளம். கீழே ‘பேனல் பை’ என்று இருக்கும். அதில் ரோஸ் (கிடை வரிசைகள்) என்ற பெட்டியில் ரகத்தைப் போடுங்கள். காலம்ஸில் (பத்திகள்) போட்டால் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நீளத்தை ஒப்பிட அது சௌகரியமில்லை. ஒன்றின் கீழ் ஒன்று நின்றால் 24 செ.மீ. மேலேயும் கீழேயும் ஒரே நேர்கோட்டில் வரும், எந்தக் குன்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

செவ்வக அகலத்தை மென்பொருளிடம் விடாதீர்கள். படத்தை இரட்டை கிளிக் செய்து, செவ்வகங்களைத் தொட்டு, பிராப்பர்டீஸில் பின்னிங் என்ற தாவலுக்குப் போனால் அகலத்தை நீங்களே கொடுக்கலாம். எவ்வளவு கொடுப்பது? எத்தனை செவ்வகம் என்பதற்கு ஸ்டர்ஜஸ் 1926-ல் சொன்ன சூத்திரம் முதல் எத்தனையோ இருக்கின்றன. நான் முதலில் கேட்பது வேறு: கதிரை அளந்தபோது அளவுகோலை எதுவரை படித்தீர்கள்? அரை செ.மீ. துல்லியத்தில் எழுதியிருந்தால் 22.0, 22.5, 23.0 தவிர வேறு எண்ணே தரவில் இருக்காது. அதற்கு 0.2 அகலம் கொடுத்தால் ஒரு செவ்வகம் உயர்ந்தும் அடுத்தது காலியாகவும் சீப்புப் பல் மாதிரி வரும். அதைப் பார்த்து ‘இந்த ரகத்தில் பல முகடுகள் உள்ளன’ என்று ஆய்வேட்டில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அகலம் அளவீட்டுத் துல்லியத்தின் முழு மடங்காக இருக்கட்டும்: அரை செ.மீ.க்கு அளந்தால் 0.5 அல்லது 1.

இரண்டு ரகத்திலும் செடி எண்ணிக்கை சமமாக இல்லையென்றால், செங்குத்து அச்சில் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதம் வைப்பது நல்லது. கிராஃப்ஸ் மெனுவின் சார்ட் பில்டரில் ‘ஹிஸ்டோகிராம் பெர்சென்ட்’ என்ற தெரிவு இருக்கிறது. போட்டபின் ஒரு அடுக்கின் செவ்வகங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். 100 வந்தால் சரி; இரண்டு அடுக்கும் சேர்ந்துதான் 100 என்றால் சதவீதம் மொத்தத்துக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது, அது உங்களுக்குப் பயன்படாது.

வலக்கோடியில் தனியாக ஒரு செவ்வகம் நின்றால் புது ரகம் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கதிர் ஒடிந்த செடிகளுக்கு 99 அல்லது 999 என்று குறித்திருப்பீர்கள். வேரியபிள் வியூவில் அதை மிஸ்ஸிங் (விடுபட்ட மதிப்பு) என்று அறிவித்தால் படத்திலிருந்து போய்விடும். ஆர் (R) என்ற கணினி மொழியில் வேலை செய்பவர்கள் அதன் படம் வரையும் தொகுப்பான ஜி.ஜி.பிளாட்டின் ஃபேசட் வசதியில் இதே அடுக்கைப் பெறலாம். அங்கே சொல்லாவிட்டால் 30 செவ்வகம் என்று அதுவாக எடுத்துக்கொள்ளும், அகலத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவதாக இருந்தால் படத்தின் கீழே ஹிஸ்டோகிராமுக்கு நிகழ்வுச் செவ்வகம் என்று போடுங்கள், நம் பாடநூல் சொல் அது. இலங்கையில் வலையுருவரையம் என்பார்கள். பக்கத்திலேயே செவ்வக அகலத்தையும் ரகத்துக்கு எத்தனை செடி என்பதையும் குறித்துவிடுங்கள்.

அப்புறம், அனோவா போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது நான்கு ரகத்துக்கும் சேர்த்துதானே? அப்படியானால் முதலில் செலக்ட் கேசஸுக்குத் திரும்பிப் போய் ‘ஆல் கேசஸ்’ கொடுங்கள். சாளரத்தின் அடியில் வலது மூலையில் ‘ஃபில்டர் ஆன்’ என்ற சின்ன எழுத்து மறைந்திருக்க வேண்டும். அது அங்கேயே இருந்தால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் இரண்டு ரகத்துக்கு மட்டும் அனோவா போட்டுத் தரும். அட்டவணையில் குழுக்களுக்கு இடையிலான டி.எஃப். (குழு எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3-க்குப் பதில் 1 என்று வந்தால் ஃபில்டர் இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.