ரெவிட்டில் செங்கல், பூச்சு, கான்கிரீட் அளவு தானாக வர

கேள்வி: கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் சுவர் அட்டவணை போட்டால் சுவரின் மொத்தக் கன அளவுதான் வருகிறது. செங்கல், பூச்சு தனித்தனியாகச் சேதாரத்தோடு வர என்ன செய்ய வேண்டும்? கையால் போட்ட கணக்கைவிட அதிகமாகக் காட்டுவது ஏன்?

பதில்: நீங்கள் எடுத்திருப்பது ஷெட்யூல்/குவான்டிடீஸ். அது சுவரை ஒரே பொருளாக எண்ணும். அடுக்கு வாரியாக வேண்டுமென்றால் வியூ தாவலில் ஷெட்யூல்ஸ் என்பதற்குள் இருக்கும் மெட்டீரியல் டேக்ஆஃப் வேண்டும். வகையாக வால்ஸ் தேர்ந்தெடுத்து, மெட்டீரியல் நேம், மெட்டீரியல் ஏரியா, மெட்டீரியல் வால்யூம் மூன்றையும் ஃபீல்டுகளில் (அட்டவணையின் பத்திகளில்) சேருங்கள். பொருளின் பெயரால் வரிசைப்படுத்தி, 'ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ்' குறியை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபார்மேட்டிங்கில் பரப்பு, கன அளவு இரண்டுக்கும் 'கால்குலேட் டோட்டல்ஸ்' கொடுக்க வேண்டும். இதை விட்டால் கூட்டுத்தொகை வராது. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அடுத்து செங்கல் எண்ணிக்கை. 190 × 90 × 90 மி.மீ. கல்லுக்கு 10 மி.மீ. சாந்து இணைப்பு சேர்த்தால் ஒரு கன மீட்டருக்கு 500 கல். ஃபீல்ட்ஸ் தாவலில் கணக்கீட்டு ஃபீல்டு ஒன்றை நம்பர் வகையில் உருவாக்கி, கன அளவை 1 கன மீட்டரால் வகுத்து, 500-ஆலும் 1.05-ஆலும் பெருக்குங்கள். 1.05 என்பது 5 சதவீதச் சேதாரம். அலகோடு வகுக்காவிட்டால் அலகு பொருந்தவில்லை என்று பிழை வரும். கன அளவை வெறும் எண்ணாக ரெவிட் ஏற்காது. இந்த ஃபீல்டு செங்கலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் ஃபில்டரில் பொருளின் பெயரைக் கொடுத்து இதைத் தனி அட்டவணையாக வைப்பதே நல்லது.

சூத்திரத்துக்குள் ரவுண்ட்அப் போடவே போடாதீர்கள். சூத்திரம் ஒவ்வொரு சுவருக்கும் தனியாக ஓடி, அதன் பிறகுதான் கூட்டப்படுகிறது. 40 சுவர்களுக்குத் தலா 0.3 மூட்டை சிமென்ட் என்றால் தேவை 12 மூட்டை; ரவுண்ட்அப் அதை 40 ஆக்கிவிடும். முழு எண்ணாக்குவதைக் கடைசிக் கூட்டுத்தொகையில் செய்யுங்கள்.

அதிகமாகக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும் உறுப்புகள். கட்டமைப்புத் தூணும் சுவரும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கன அளவு இரண்டிலும் எண்ணப்படும். மாடிஃபை தாவலின் ஜாயின் ஜியாமெட்ரி கொண்டு இணைத்தால்தான் ஒன்று மற்றொன்றை வெட்டும். எது எதை வெட்டுகிறது என்பதையும் பாருங்கள்: தூணைச் சுவர் வெட்டினால் மொத்தம் சரியாக இருக்கும், ஆனால் கான்கிரீட் குறைந்து செங்கல் கூடும். ஸ்விட்ச் ஜாயின் ஆர்டர் அதைத் திருப்பிவிடும். தளமும் உத்தரமும் சேருமிடத்தில் இரண்டின் கான்கிரீட் தரமும் வேறாக இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்று ஃபேஸ் ஃபில்டர், அதாவது எந்தக் கட்டத்தின் உறுப்புகளைக் காட்டுவது என்ற அமைப்பு. அது 'ஷோ ஆல்' என்றிருந்தால் இடிக்கப்படும் சுவரும் கணக்கில் சேரும். புதிய வேலைக்கு 'ஷோ நியூ' வையுங்கள். வேறு கோப்பிலிருந்து ஒட்டிய சுவர்களோடு ஒரே பூச்சு சற்றே மாறிய பெயரில் வந்து, இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. அந்தச் சுவர்களின் வகையில் இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

எல்லாம் அமைத்தபின் வெற்றுக் கோப்பில் ஒரு சுவரை மட்டும் வரைந்து சோதியுங்கள்: 5 மீ. நீளம், 3 மீ. உயரம், 200 மி.மீ. செங்கல் அடுக்கு, 0.9 × 2.1 மீ. கதவுத் திறப்பு. பரப்பு 13.11 சதுர மீட்டர், கன அளவு 2.622 கன மீட்டர், சேதாரத்தோடு 1,377 கல் வர வேண்டும். திரையில் 2.62 என்று தெரிந்தாலும் உள்ளே கணக்கு முழு மதிப்பில்தான் நடக்கிறது. அதனால் கையால் 2.62-ஐப் பெருக்கினால் ஒன்றிரண்டு கல் வித்தியாசம் வரும், அது பிழையல்ல. சோதனை தேறியதும் அட்டவணையை உங்கள் டெம்ப்ளேட் கோப்பிலேயே சேமித்துவிடுங்கள். அடுத்த திட்டத்தில் பொருள்களின் பெயர்கள் அதே எழுத்துகளில் இருக்கும்வரை ஃபில்டரும் சூத்திரமும் அப்படியே வேலை செய்யும்.