மூடியும் நிற்காத வால்வு: சுற்றை எண்ணுங்கள்

கேள்வி: 150 மி.மீ. மெயின் லைனில் உடைப்பு வந்தால், ஸ்லூயிஸ் வால்வை (கேட் என்னும் தகட்டை இறக்கி நீரை அடைக்கும் வால்வு) மூடினாலும் தண்ணீர் முழுதாக நிற்பதில்லை. ஃபிட்டர் சாவியில் நீளமான பைப்பைச் செருகி இறுக்குகிறார். வால்வையே மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பைப்பை அவரிடமிருந்து வாங்கி வையுங்கள். நெம்பி இறுக்கினால் ஸ்பிண்டில் (சாவியால் திருப்பும் தண்டு) வளையும், இல்லையென்றால் உள்ளே நட்டின் மரை போகும். பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தமுறை சுற்றை எண்ணிக்கொண்டே மூடச் சொல்லுங்கள். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி, இரண்டோ மூன்றோ கூட்டினால் தோராயமான கணக்கு கிடைக்கும். உங்கள் 6 அங்குல வால்வுக்கு 20 சுற்றுக்குப் பக்கம். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். 15, 16-லேயே இறுகி நின்றால் அடியில் மணலோ துருவோ அடைத்திருக்கிறது. முழுச் சுற்றும் போய், அதற்குப் பிறகும் கசிந்தால் சீட் (கேட் அழுந்தி உட்காரும் முகம்) தேய்ந்திருக்கலாம். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மரை போய்விட்டது, அல்லது ஸ்பிண்டில் முறிந்துவிட்டது. பின்னிரண்டுக்கும் வால்வைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அடைப்பு என்றால் தண்ணீரே வேலையைச் செய்யும். பழைய வார்ப்பிரும்பு வால்வுகளில் கேட் இறங்கி உட்காரும் பள்ளத்தில்தான் மணல் தங்கும். வால்வைத் தாண்டி நீர் போகும் பக்கம் ஒரு ஸ்கவர் வால்வையோ (குழாயைக் கழுவி வெளியேற்றும் வால்வு) ஹைட்ரன்ட்டையோ (தீயணைப்புக்கான நீர்க்குழாய்) திறந்துவிட்டு, வால்வை இறுகும் வரை மூடி, இரண்டு மூன்று சுற்று திறந்து, மறுபடி மூடுங்கள். குறுகிய இடைவெளியில் சீறிப் பாயும் நீர் பள்ளத்தை அரித்துக் கழுவும். கலங்கல் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பலன் இல்லை. நின்றதா என்று பார்க்க ஸ்பிண்டிலில் ஒரு கம்பியை வைத்து மறுமுனையில் காது கொடுங்கள். கசிந்தால் பெரும்பாலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும்.

கடைசிச் சில சுற்றுகளை மெதுவாக மூட வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் சுமார் 100 மீட்டர் உயர நீரின் அளவுக்குக் கூடுதலாக எகிறும். ஒரு உடைப்பைச் சரிசெய்யப் போய் இன்னொன்று வரும். திறக்கும்போதும் அதே நிதானம்தான். முழுதும் திறந்ததும் கால் சுற்று பின்னால் விடுங்கள், ஸ்பிண்டில் இறுகிக்கொள்ளாது. பாதி திறந்து விட்டுப்போவது மட்டும் வேண்டாம்: கேட் அதிர்ந்து தேயும், கடைக்கோடித் தெருவில் தண்ணீர் வராத காரணமும் யாருக்கும் பிடிபடாது.

வால்வுக் குழியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். லைனில் அழுத்தம் குறையும் நேரத்தில் தளர்ந்த கிளாண்ட் பேக்கிங் (ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) வழியே அந்த அழுக்கு நீர் குடிநீரில் கலக்கலாம்.

மாற்றுவதானால் அடியில் பள்ளமில்லாத, ரப்பர் பூசிய கேட் உள்ள வகையை வாங்குங்கள். பிரித்தெடுக்க வசதியாக ஒரு பக்கம் டிஸ்மேன்ட்லிங் ஜாயின்ட் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இணைப்பு) வையுங்கள். வால்வின் பாரம் குழாயில் தொங்காமல் கீழே கான்கிரீட் தாங்கட்டும். சுற்றுக் கணக்கையும் மூடும் திசையையும் குழி மூடியின் உட்புறம் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். இடப்பக்கம் திருப்பினால் மூடும் வால்வுகளும் இருக்கின்றன.